வலமாகச் சுற்றி எடுத்த பட்டு

அக்காவுக்கு முகூர்த்தப் பட்டு எடுக்கச் சீவலப்பேரியிலிருந்து திருநெல்வேலி டவுனுக்குப் போனபோது எனக்கு ஒன்பது வயது. அம்மா, பெரியம்மா, அக்கா, நான் என்று நாலு பேர். ஆண்கள் வந்தால் முதல் கடையிலேயே முடித்துவிடுவார்கள் என்பதால் அவர்களைக் கூட்டிப் போகவில்லை. என்னைக் கூட்டிப் போனதற்கும் காரணம் உண்டு. வீட்டில் விட்டால், பஸ் கவிழ்ந்திருக்குமோ, எல்லாரும் செத்திருப்பார்களோ என்று நினைத்து நினைத்தே காய்ச்சலை வரவழைத்துக்கொள்வேன்.

ஆர்ச் பக்கம் இறங்கிக் கோயில் வாசலுக்கு வந்ததும் பெரியம்மா ஒரு சட்டம் போட்டாள். கோயிலைச் சுற்றியுள்ள நாலு ரத வீதியும் சாமி தேரில் போகிற பாதை. அதில் நாமும் வலமாகத்தான் நடக்க வேண்டும். அன்றைக்குத்தான் அதை முதன்முதலாகக் கேள்விப்பட்டேன்.

"ஒரு கடையத் தாண்டிட்டோம்னா தாண்டுனதுதான். திரும்ப வேணும்னா கோயிலச் சுத்தித்தான் வரணும். இடமா நடந்தா சாமிக்கு ஆகாது, பாத்துக்கிடுங்க."

"இத்தன சனம் எதுத்தாப்பிலதானே வருது, யக்கா?" என்றாள் அம்மா.

"அவங்க வீட்டுலல்லாம் கல்யாணமா வச்சிருக்கு?"

அம்மா பெரியம்மாவின் பின்னால் நடக்கத் தொடங்கினாள். நான் மட்டும் எதிரே வந்த அத்தனை பேருக்காகவும் கவலைப்பட்டுக்கொண்டே நடந்தேன்.

கீழ ரத வீதியில் கேசட் கடைப் பாட்டுகளுக்கு நடுவே ஏழெட்டுக் கடை ஏறி இறங்கி, தெற்கு ரத வீதியில் திரும்பினோம். அது முடிகிற இடத்துக்குச் சற்று முன்னால் ஒரு கடையில் அந்தச் சேலை கிடைத்தது. மாந்தளிர் நிறம், அரக்குக் கரை. அக்காவின் தோளில் போட்டதும், அதுவரை ஓயாமல் பேசிய கடைக்கார அண்ணாச்சியே பேச்சை நிறுத்தினார். ஆனால் அக்கா, "இன்னும் நாலு கட பாப்பமே" என்றாள். "பாத்துட்டு வாறோம் அண்ணாச்சி" என்று பெரியம்மா எழுந்துவிட்டாள்.

மேல ரத வீதியில் திரும்பினால் ஒரு பாத்திரக் கடை. மாப்பிள்ளை வேலை பார்த்தது அங்கேதான். கல்யாணத்துக்கு முன்னால் வாசலில் நின்று பேசினால் நன்றாயிருக்காது, பார்க்காத மாதிரிப் போய்விட வேண்டும் என்று அம்மா பஸ்ஸிலேயே சொல்லியிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு போனோம். சரியாக அந்த வாசலில் அக்காவின் செருப்பு வார் கழன்றது. குனிந்து மாட்டினாள். வெகுநேரம் மாட்டினாள். உள்ளே மாப்பிள்ளை, வேர்த்து வடிய, ஒரு குத்துவிளக்கைத் தராசில் வைத்துவிட்டு எடைக்கல்லைப் போடாமல் நின்றுகொண்டிருந்தார்.

அதற்கடுத்த ஜவுளிக் கடையில் ரெண்டு சேலையைப் பிரிப்பதற்குள் அக்கா, "அந்த மாந்தளிரே நல்லாருந்து" என்றாள். திரும்பி நடந்தால் நூறு தப்படி. பெரியம்மாவின் சட்டப்படி வடக்கு, கீழ, தெற்கு என்று மூன்று ரத வீதி. சித்திரை வெயில். நடந்தோம்.

போய்ச் சேர்ந்து சேலையை மறுபடி தோளில் போட்டால், அக்காவுக்குக் கரை அகலமாகத் தெரிந்தது. "பாத்துட்டு வாறோம் அண்ணாச்சி." மறுபடி பாத்திரக் கடை, மறுபடி செருப்பு. இந்தத் தடவை மாப்பிள்ளை முகம் கழுவித் திருநீறு பூசியிருந்தார். மறுபடி அடுத்த கடை. "அந்த மாந்தளிரே..." என்று அக்கா தொடங்கினாள்.

நாங்கள் அந்த மாந்தளிர்க் கடையை விட்டு இறங்கும்போது, கொண்டையும் கண்ணாடியுமாக ஒரு அம்மாள் மகளோடு படியேறியதைப் பார்த்திருந்தேன். பாளையங்கோட்டை டீச்சர் மாதிரி இருந்தாள். டீச்சர்கள் எதையும் சட்டென்று கண்டுபிடித்துவிடுவார்கள். சேலை போனால் முகூர்த்தம் போகும், முகூர்த்தம் போனால் மாப்பிள்ளை போவார். பின்னால் எட்டாவதோடு நான் பள்ளிக்கூடத்தை விட்டபோதுகூட இவ்வளவு யோசிக்கவில்லை.

யாரிடமும் சொல்லாமல் கடையிலிருந்து நழுவினேன். இடமாகப் போகவும் பயம். அதனால் முகத்தை வலமாகப் போகிற திசைக்கே வைத்துக்கொண்டு, பின்பக்கமாகவே நடந்தேன். சாமி பார்த்தால் முகத்தைத்தானே பார்க்கும்? முதலில் ஒரு மாட்டின் மேல் இடித்தேன். அப்புறம் ஒரு வெள்ளரிக்காய்க் கூடை.

"கண்ணு பொடதியிலயாட்டி இருக்கு ஒனக்கு?" என்றாள் கூடைக்காரி.

மூன்றாவதாக இடித்தது மாப்பிள்ளையின் மேல்.

"ஏட்டி, இது என்ன நட? ஒங்க அக்கா எங்கன?"

"சேலை எடுக்கத் திரும்பவும் சுத்தி வாறா."

"அப்ப இன்னொரு மட்டம் இப்பிடி வருவாளோ?" என்றவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்தார். எனக்கு எரிச்சலாக வந்தது. இங்கே ஒரு கல்யாணமே நிற்கப் பார்க்கிறது, இவர் தலை சீவுகிறார்.

சேலைக் கடைக்குள் போனால், நான் நினைத்தபடியே அந்த டீச்சரம்மாளின் மடியில் மாந்தளிர் விரிந்து கிடந்தது. அதன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"இது எங்க அக்கா சேலை."

"வாங்கிட்டீங்களா?"

"பாத்துட்டு வாறோம்னு சொல்லிருக்கோம்."

டீச்சரம்மாள் அண்ணாச்சியைப் பார்த்தாள். "ரெண்டு மட்டம் சொல்லிட்டாங்கம்மா" என்றார் அவர் பரிதாபமாக. நான் அழத் தொடங்கினேன்.

"சரி, நீயே வச்சுக்கோ. மூக்க மட்டும் அதுல தொடச்சிராத."

என்னைக் காணாத பதற்றத்தில் அம்மா சாமியையும் பார்க்காமல் இடமாகவே ஓடி வந்து, தலையில் ஒரு குட்டு வைத்தாள். பெரியம்மாவும் அக்காவும் முறைப்படி கோயிலைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் கழித்து வந்தார்கள். சேலை என் பிடியில் இருப்பதைப் பார்த்தால் அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்வாள் என்று நினைத்திருந்தேன்.

"இனிமே சுத்த வேண்டாம்க்கா. இங்கனயே முடிச்சிரலாம்" என்றேன்.

அவள் யாருக்கும் தெரியாமல் என் தொடையில் கிள்ளினாள். பெரியம்மா அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "போதும்ட்டி, கால் கெஞ்சுது. கட்டிருங்க அண்ணாச்சி" என்றாள்.

பொட்டலத்தோடு தெருவில் இறங்கியதும், ஆர்ச் பக்கம் பஸ் பிடிக்கப் பெரியம்மா வந்த வழியிலேயே திரும்பி விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினாள். நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"பெரியம்மா, இது இடப்பக்கம்லா?"

"பஸ்ஸு போயிரும். வாய மூடிட்டு வா."

அக்கா களுக்கென்று சிரித்தாள். பெரியம்மா முழங்கையால் அவளை இடித்தாள். பிறகு இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டே, சாமிக்கு ஆகாத திசையில் போய்க்கொண்டிருந்தார்கள். வெயிலில் அலைந்ததில் பெரியம்மாவுக்கு அவள் போட்ட சட்டமே மறந்துவிட்டது என்று நினைத்தேன். அவளுக்கும் சேர்த்து, சீவலப்பேரி வருகிறவரை பஸ்ஸில் கன்னத்தில் போட்டுக்கொண்டே வந்தேன்.