கூடைப் பிரம்பில் ஒரு போர்த்துக்கல் ராணி

பதினேழு வயதில் நான் ஒரே ஒருநாள் போர்த்துக்கல் நாட்டு ராணியாக இருந்தேன். அந்தப் பதவி கிடைத்ததற்கு என் உயரமும் என் வாயும்தான் காரணம். "இவளுக்கு நடிக்கவே தேவையில்ல, சும்மா நின்னாலே அதிகாரம் பண்ற மாதிரித்தான் இருக்கு" என்று எங்களுக்கு நாடகம் பழக்கிய சேர் எல்லோர் முன்னாலும் சொன்னார். வகுப்பே சிரித்தது. கோபப்படுவதா பெருமைப்படுவதா என்று தெரியாமல் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

ஓப்பநாயக்கவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்குள் இருந்தது எங்கள் பாடசாலை. தொண்ணூறுகளின் பிற்பாதி. இரத்தினபுரியில் தமிழ் நாடகப் போட்டி நடக்கப்போவதாகச் செய்தி வந்ததும் சேருக்குத் தூக்கம் போய்விட்டது. பறங்கியர் நம் கரையில் வந்து இறங்கிய கதையை எல்லாப் பாடசாலையும் போடும், நாம் அவர்கள் ஊருக்குப் போவோம் என்றார். அந்தக் காலத்தில் இலங்கையின் கோட்டை இராச்சியத்து அரசன் தன் பேரனைப் போலவே ஒரு பொற்சிலை செய்து, அதற்கு முடிசூட்டி அனுப்பும்படி லிஸ்பனுக்குத் தூது விட்டது வரலாறு. நம் நாட்டுத் தந்தப் பேழைகளும் அந்த அரண்மனைக்குப் போயின. அவற்றை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்தாளாம் அங்கிருந்த ராணி. அவள் ஸ்பெயினில் பிறந்து போர்த்துக்கலுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவள். அவள்தான் நான்.

பட்டம் கிடைத்தது, உடுப்புக் கிடைக்கவில்லை. சேரிடம் ஒரு பழைய பிஸ்கட் டின் இருந்தது. அதன் மூடியில் ஒரு ஸ்பானிய இளவரசியின் ஓவியம். ஐந்தாறு வயதுப் பிள்ளை, இரண்டு பக்கமும் மேசை போல விரிந்த பாவாடை. "இதேதான் வேணும்" என்று டின்னை என் அம்மாவிடமே கொடுத்துவிட்டார். பல வருடம் கழித்து ஒரு நூலகத்தில் அந்த ஓவியத்தைப் பெரிய அளவில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்தப் பாவாடை எங்கள் ராணிக்கு நூறு வருடம் பிந்தியது என்று. சேர் கதையை ஒருத்தியிடமும் பாவாடையை இன்னொருத்தியிடமும் எடுத்திருந்தார். அதே புத்தகத்தில் இன்னொன்றும் படித்தேன். இந்தப் பாவாடைக்குள் பெண்கள் கர்ப்பத்தை மறைக்கிறார்கள் என்று அந்தக் காலத்து ஸ்பெயினிலேயே ஊர் வாய் பேசி, கடைசியில் அரசனே அதற்குத் தடை போட்டானாம். அதைப் படித்துவிட்டு நூலகத்தில் தனியாகச் சிரித்தேன்.

அம்மா தேயிலைக் கொழுந்து எடுப்பவள். தையல் மெஷின் கிடையாது, ஊசியும் பிடிவாதமும் உண்டு. டின் மூடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இந்தப் புள்ள எப்புடி வாசப்படி தாண்டும்?"

பிறகு பழைய கொழுந்துக்கூடைகள் இரண்டைப் பிரித்து, விளிம்புப் பிரம்புகளை ஊறவைத்து வளைத்து, சின்னதும் பெரிதுமாக மூன்று வளையங்கள் கட்டினாள். அவற்றின் மேல் மலைக்குப் போகும்போது இடுப்பில் கட்டிக்கொள்ளும் படங்குச் சாக்கு. அதற்கு மேல் துரை பங்களாவில் கழித்துப்போட்ட சிவப்புத் திரைச்சீலை. பங்களா சமையல்காரர் அதை ஒரு பையில் சுருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டி நின்று பார்த்தால் பட்டு மாதிரியே இருந்தது.

போட்டி நாளன்று பாவாடையை வேன் கூரையில் கட்டிக்கொண்டு போவதாகத்தான் ஏற்பாடு. விடிந்ததிலிருந்து மழை. உள்ளே வைத்தால் நசுங்கும். "உடுத்திக்கிட்டே வரட்டும்" என்று அம்மா முடிவுசெய்தாள். கொக்கிகள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை, ஆகவே என் முதுகுப்பக்கத்தில் சாக்கு ஊசியால் நெருக்கித் தைத்துவிட்டாள். நான் இரண்டு சீட்டை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், பின்சீட்டில் ஊசி நூலோடு அம்மா. மட்டைத் தொப்பி போட்ட போர்த்துக்கேயச் சிப்பாய்கள் மூன்று பேர் ஒரு சீட்டில் நெருக்கியடித்துக்கொண்டு வழி முழுக்க என்னைத் திட்டினார்கள்.

பெல்மதுளை தாண்டியதும் சோதனைச் சாவடி. எல்லோரும் இறங்க வேண்டும். வேன் கதவுக்குள்ளால் என்னால் வர முடியவில்லை. பின்னாலிருந்து இருவர் தள்ள, வளையங்கள் மடங்கி விரிய, தொப்பென்று ரோட்டில் வந்து நின்றேன்.

அது எப்படிப்பட்ட காலம் என்று சொல்ல வேண்டும். உடுப்புக்குள் குண்டு கட்டிக்கொண்டு வந்து வெடித்த பெண்களைப் பற்றி ரேடியோவில் கேட்டுக்கொண்டிருந்த காலம். தமிழ்ப் பிள்ளையின் தளர்வான சட்டையைக்கூட ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்ப்பார்கள். மூன்று வாரமாகப் பாவாடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்குக்கூட இது உறைக்கவில்லை. இன்றைக்கும் நினைத்தால் எங்கள் எல்லோர் தலையிலும் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலிருக்கிறது.

யாரோ சிங்களத்தில் கத்தினார்கள். மற்றவர்களை வேனுக்குப் பின்னால் தள்ளினார்கள். நான் மட்டும் நடுரோட்டில், கைகளைத் தூக்கியபடி. நாலைந்து துப்பாக்கிகள் என்னைப் பார்த்தன. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது பயமில்லை, எரிச்சல். திரைச்சீலை நனைகிறதே என்ற எரிச்சல்.

"அதைக் கழற்று" என்றான் ஒரு சிப்பாய்.

எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. "கழற்ற முடியாது, உடம்போடு தைத்திருக்கிறது" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் அவர்கள் முகம் மாறியதைப் பார்த்தேன். அடையாள அட்டை கேட்டார்கள். இல்லை. விண்ணப்பம் போட்டு மாதக்கணக்காகிவிட்டது. அதுவரைக்கும் கிராமசேவகர் கொடுத்த கடிதம் வேனுக்குள் ஒரு பையில் கிடந்தது. விளக்கம் சொல்ல ஓரடி முன்னால் வந்த சேரை முழங்காலில் நிற்க வைத்தார்கள். அப்போதுதான் பயம் வந்தது. கால் நடுங்கியது. கால் நடுங்கினால் வளையங்கள் ஆடின. வளையங்கள் ஆடினால், "அசையாதே" என்று அதட்டினார்கள். என்னை எங்கேயோ கொண்டுபோய்விடப் போகிறார்கள், இல்லையென்றால் இங்கேயே சுடப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

அம்மா வேனுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். ஓடி வரவில்லை, அழவில்லை. இரண்டு கைகளையும் விரித்துக் காட்டிக்கொண்டு நின்றாள். ஒரு மலையிலிருந்து அடுத்த மலைக்குக் கேட்கும்படி கூப்பிடுவாளே, அந்தக் குரலில், "ஏக மகே கூடய, நோனா!" என்றாள். அது என்னுடைய கூடை, அம்மணி என்று.

மணல் மூட்டைகளுக்குப் பின்னால் நின்ற பொலிஸ்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். அம்மா விடாமல் சிங்களத்திலேயே சொன்னாள். உள்ளே இருப்பது கொழுந்துக்கூடைப் பிரம்பு, நடு வளையத்தில் உள்பக்கமாகத் தன் நம்பர் வெள்ளைப் பெயின்டால் எழுதியிருக்கிறது, இருநூற்றுப் பதினாலு, வேண்டுமானால் பாருங்கள் என்றாள். கூடைகள் மாறிப்போகாமல் இருக்க எல்லாரும் அப்படி எழுதி வைப்பது வழக்கம்.

அந்தப் பெண் வந்தாள். "போகாதே" என்று ஒருவன் சொன்னதும் என் காதில் விழுந்தது. அவள் வந்தாள். குனிந்து, பாவாடை ஓரத்தை விரலால் தூக்கி, ஒவ்வொரு வளையமாகத் தடவினாள். எனக்கு அவளுடைய தொப்பி மட்டும்தான் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து ஒரு குரல், நம்பரைச் சத்தமாக வாசித்தது. பிறகு பின்னால் போய்த் தையலைப் பிளேடால் அறுத்து முழுதும் சோதித்தாள். என் வயதைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். நான் வெடிப்பேன் என்று நினைத்துக்கொண்டே பக்கத்தில் வந்திருக்கிறாள். அவள்மேல் எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை.

கடிதத்தை எடுத்துவந்து வாசித்தார்கள். சேர் எழுந்து முழங்கால் சேற்றைத் துடைத்தார். துப்பாக்கிகள் கீழே இறங்கின. அம்மா என்னை மறுபடி தைக்க ஊசியை எடுத்தாள். நூல் கோக்க வரவில்லை. ஊசிக் காது ஒரு பக்கம் போக, நூல் ஒரு பக்கம் போனது. பொலிஸ்காரப் பெண் ஊசியை வாங்கி, நூல் கோத்து, அறுத்த இடத்தைத் தானே தைத்துவிட்டாள். தன் அம்மாவும் கொழுந்து எடுப்பவள்தான் என்றாள், தெரணியகலைப் பக்கம் சொந்தத்தில் ஒரு துண்டுத் தோட்டமாம். நாடகத்தில் நான் யார் என்று கேட்டாள். போர்த்துக்கல் ராணி என்றேன். "மறுபடியும் எங்கள் நாட்டைப் பிடிக்க வந்துவிடாதே" என்று சிரித்தாள்.

இரத்தினபுரி போய்ச் சேரும்வரை அம்மா என் மணிக்கட்டை விடவில்லை. வலித்தது. வலிக்கட்டும் என்று இருந்தேன்.

கடைசி நாடகமாகத்தான் எங்களைக் கூப்பிட்டார்கள். முடிசூட்டுக் காட்சியெல்லாம் அமர்க்களமாகப் போனது. அந்த ராணி ஒன்பது பிள்ளை பெற்று ஒன்பதையும் தன் கண்முன்னாலேயே பறிகொடுத்தவள். அதுதான் கடைசிக் காட்சி. தந்தப் பேழையை மடியில் வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நான் கதறி அழ வேண்டும். ஒத்திகையில் நான் அழுத அழுகைக்குச் சேரே கண்ணைத் துடைத்திருக்கிறார்.

வசனத்தைத் தொடங்கினேன். முன்வரிசையில் அம்மா. ஈரச் சேலையோடு, சீட்டின் நுனியில், நான் விழுந்தால் பிடித்துவிடுகிறவள் போல முன்னால் சாய்ந்துகொண்டு. எனக்கு அழுகை வரவில்லை. மூத்த பிள்ளையைச் சொல்லும்போதே உதடு விரிந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஒன்பதாவது பிள்ளை வரைக்கும் பல் தெரியச் சிரித்துக்கொண்டேதான் சொன்னேன்.

ராணிக்குத் துயரம் போதவில்லை என்று நடுவர் சொன்னார். எங்களுக்கு ஆறுதல் பரிசுகூட இல்லை. வெளியே வந்ததும் அம்மாவிடம், "மன்னிச்சிரும்மா, எனக்கு அழுகையே வரல" என்றேன்.

அம்மா சேலைத் தலைப்பால் என் முகத்துப் பவுடரை அழுத்தித் துடைத்தாள்.

"நல்லதாப் போச்சு. நீ அழுதிருந்தா நான் மேடைக்கே ஏறி வந்து தூக்கிட்டுப் போயிருப்பேன்."