அழகர் கேட்ட முழு அளவு

இலங்கையில் மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கவ்வாத்துக் கத்தி பிடித்தே அறுபதை எட்டியவர் அழகர். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியைத் தழைக்க வெட்டிவிடுவது; அதில் கெட்டிக்காரர். சண்டை பிடிப்பதில் அதைவிடக் கெட்டிக்காரர். தோட்டத்தில் மருந்து கொடுக்கும் இரகுநாதன் எந்தக் காய்ச்சலுக்கும் மாத்திரையைப் பாதியாக உடைத்துத்தான் கொடுப்பார். மற்றப் பாதி துரை பங்களா நாய்க்குப் போகிறது என்பது அழகரின் கட்சி. ஒவ்வொரு தடவையும் வாசலில் சத்தியாக்கிரகம் இருந்து, முழு மாத்திரை கைக்கு வந்த பிறகே எழுந்திருப்பார்.

இப்படிப்பட்ட மனிதருக்கு 2004இல் ரத்தப் புற்றுநோய் என்று பதுளை ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்துக்கு அடங்கினாலும் திரும்ப வருமாம். ரத்தத்தை உண்டாக்கும் ஸ்டெம் செல்லை இன்னொருவரிடமிருந்து எடுத்து ஏற்றினால்தான் பிழைப்பாராம். தொழிற்சங்கமும் சொந்தபந்தமும் பாடுபட்டு அவரைச் சென்னைக்கு அனுப்பின. கூடப் போன தங்கை இராக்கம்மாவின் செல்தான் பொருந்தியது. நாற்பது வருடமாக எதிலும் ஒத்துப்போகாதவள் இதில் எப்படி ஒத்துப்போனாள் என்று அழகருக்கே ஆச்சரியம்.

ஏற்றுவதற்கு முன் உடம்பு முழுக்கக் கரண்ட் வைக்க வேண்டும், அதாவது கதிர்வீச்சு. பக்கத்துக் கட்டில் வாலிபனுக்கு மூன்று நாள் வைத்தார்கள். இவருக்குக் குறைந்த அளவில் ஒரே தடவைதான் என்றதும் அழகருக்குச் சுருக்கென்றது. கடல் தாண்டி வந்தும் பாதி மாத்திரைதானா? முழுசாக வைக்காவிட்டால் மெஷினில் படுக்கமாட்டேன் என்று ஆஸ்பத்திரி நடையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். நாள் தள்ளினால் நோய் முந்திக்கொள்ளும் என்று எல்லாரும் பதறினார்கள்.

டாக்டரம்மா திட்டவில்லை. அவரும் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். "முழு அளவு வச்சா இந்த வயசுல உங்க உடம்பு தாங்காதுங்கய்யா. புதுச் செல்லை உங்க உடம்பு எதிர்க்காம இருக்க இந்த அளவு போதும். மிச்சம் மீதி இருக்கற நோயை உங்க தங்கச்சி செல்லே பாத்துக்கும்."

இராக்கம்மா சும்மா இருப்பாளா? "ஏண்ணே, கெழட்டுத் தேயிலைய நீ மொட்டையாவா வெட்டுவ?"

அழகர் யோசித்தார். "இலையோட ரெண்டு கொப்பு விடணும். இல்லாட்டி பட்டுப்போயிரும்," என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய் மெஷினில் படுத்துக்கொண்டார்.

தங்கையின் செல் பிடித்துக்கொண்டது. அவருடைய ரத்த வகைகூட மாறி அவளுடையதாகிவிட்டது. அன்றிலிருந்து அவர் வாயைத் திறந்தாலே, என் ரத்தத்தை வைத்துக்கொண்டு என்னிடமே சண்டையா என்று அடக்கிவிடுவாள்.

ஊர் திரும்பி இரண்டு வருடம் கழித்துத் தலைவலிக்கு மருந்து வாங்கப் போனார். இரகுநாதன் பழக்கதோஷத்தில் மாத்திரையை உடைத்துவிட்டார். உடைத்த பிறகுதான் எதிரில் நிற்பது யாரென்று பார்த்து, வாசல் பக்கம் கவலையோடு திரும்பினார்.

அழகர் உட்காரவில்லை. கையை நீட்டினார்.

"பாதியே குடுங்கய்யா, தப்பில்ல. ஆனா ஏன் பாதின்னு சொல்லிட்டுக் குடுங்க. அங்க அந்தம்மா தரையில ஒக்காந்து சொன்னாங்க."

காரணம் சொல்வதைவிட மாத்திரை சுலபம் என்று இரகுநாதனுக்குத் தோன்றியது போலும். மற்றப் பாதியையும் எடுத்து அவர் கையில் வைத்தார்.