பதிமூன்றாவது திருகு

ஜெர்மன் சண்டை வருவதற்கு ஒன்றிரண்டு வருஷம் முன்பு, எனக்கு ஒன்பது வயது நடக்கும்போது, எங்கள் வீட்டுக்கு ஒரு தங்கக் கைக்கடியாரம் வந்தது. ஆறே நாள்தான் இருந்தது. அந்த ஆறு நாளும் வீட்டில் ஒருவரும் நிம்மதியாக ஒரு வாய் சோறு உண்ணவில்லை.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஏற்கெனவே ஒரு சம்பந்தம் பேசி முடிக்கும் தறுவாயில் கைநழுவிப் போயிருந்தது. இந்த இடமும் போய்விட்டால் சேரன்மகாதேவியில் தலைகாட்ட முடியாது என்று அம்மா அடுப்படியில் அழுதுகொண்டிருப்பாள். மாப்பிள்ளைக்குக் கால்வாயில் மடைகளைத் திறந்து மூடுவதை மேற்பார்க்கும் சர்க்கார் உத்தியோகம். அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டவர் அவருடைய அப்பா. ஊருக்கு முகாம் வந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் மணிக்கட்டில் தங்கக் கடியாரம் மின்னியதை அந்த மனிதர் பார்த்துவிட்டார். அன்று பிடித்த பித்து.

“சங்கிலி மாட்டிப் பையில போடுத கடியாரமெல்லாம் எனக்கு வேண்டாம் வே. அது உள்ள கெடந்தா எவன் பாக்கான்? என் மவன் கையில தங்கம் மின்னணும். மின்னினாத்தான் மணையில உக்காருவான்.”

எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, எங்கள் வீட்டு முறுக்கைக் கடித்துக்கொண்டே இதைச் சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா பத்திரம் எழுதிப் பிழைப்பவர். கடியாரத்துக்கென்று அவரால் புரட்ட முடிந்தது அறுபது ரூபாய். அந்தக் காலத்தில் அது சின்னத் தொகை இல்லை. ஆனால் புதுத் தங்கக் கடியாரம் வாங்க அது எந்த மூலைக்கு? அந்த இரண்டுங்கெட்டான் தொகையை மடியில் முடிந்துகொண்டு, அடம்பிடித்த என்னையும் இழுத்துக்கொண்டு ரயிலேறித் திருநெல்வேலிக்குப் போனார்.

ரதவீதியை ஒட்டிய ஒரு சந்தில் கடியாரக்கார சாயபுவின் கடை. ஒரு கண்ணில் பூதக்கண்ணாடியை இடுக்கியபடியே அவர் அப்பா சொன்னதையெல்லாம் கேட்டார். பிறகு இரண்டு கடியாரங்களை எடுத்து வைத்தார். ஒன்று வெள்ளி; சீமையிலிருந்து வந்த புத்தம் புதுசு. மற்றொன்று தங்கக்கூடு போட்டது. ஊருக்குக் கப்பலேறிய எவனோ ஒரு துரை விற்றுவிட்டுப் போனது.

“வெள்ளிய எடுத்துக்கோங்க அண்ணாச்சி. பேரன் காலத்துக்கும் ஓடும். தங்கமும் ஓடும், இல்லேன்னு சொல்லல. ஆனா அதுக்கா மனசு வந்தா ஓடும்.”

அப்பா வெள்ளியை எடுத்துக் காதில் வைத்தார். அதை வைத்துவிட்டுத் தங்கத்தை எடுத்தார். மறுபடி வெள்ளி. எழுந்து சந்துமுனை வரை நடந்துவிட்டுத் திரும்பி வந்து மறுபடி தங்கம். எனக்குப் பொறுமை போய்விட்டது. வெயில் வேறு. “தங்கந்தாம்பா நல்லாருக்கு, வாங்குங்க, போவோம்” என்றேன். அப்பா தங்கத்தை வாங்கினார். என் பேச்சைக் கேட்டுத்தான் வாங்கினார் என்று ரொம்ப நாள் பீற்றிக்கொண்டு திரிந்தேன். அவர் காதில் அன்று ஒலித்துக்கொண்டிருந்தது சம்பந்தியின் பேச்சு என்பது பின்னால்தான் எனக்கு உறைத்தது.

சாயபு ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். “காலையில எந்திச்சதும் பன்னெண்டு திருகு. பதிமூணாவது திருகிராதீங்க. உள்ள இருக்க வில்லு பழசு, தாங்காது.”

வீட்டில் அம்மா கடியாரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “ஆம்பிளை கையில வளையலா? என்ன கூத்து இது!” அக்கா கிட்டேயே வரவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து, “நல்லா ஓடுதாப்பா?” என்று மட்டும் கேட்டாள்.

நல்லா ஓடத்தான் இல்லை. ஸ்டேஷனில் வண்டி ஊதும் சத்தம் கேட்டால் போதும், அப்பா எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுக் கடியாரத்தை எடுக்க ஓடுவார். ஒருநாள் அது பத்து நிமிஷம் முந்தும். மறுநாள் கால் மணி பிந்தும். முதல் இரண்டு நாள் அப்பா ரயிலைத் திட்டினார். மூன்றாம் நாள் கடியாரத்தைத் திட்டினார். அப்புறம் எதையும் திட்டவில்லை. கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தார். சாயபுவிடம் கொண்டுபோய் மாற்றிவரவும் நாள் இல்லை. பந்தல்கால் நட்டாயிற்று.

கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம். அப்பா தேங்காய் எண்ணி வாங்கப் போயிருந்தார். பெண்டுகள் எல்லாரும் பந்தலில் காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அலமாரியில் பித்தளைச் செம்புக்குள் பட்டுத்துணி சுற்றி வைத்திருந்த கடியாரத்தை நான் எடுத்துக் காதில் வைத்தேன். சத்தமே இல்லை. கல்யாண அமளியில் அப்பா அன்று காலை சாவி கொடுக்க மறந்துவிட்டார் போல. ஐயோ பாவம், அப்பாவுக்கு நாம் ஒத்தாசை செய்வோம் என்று திருக ஆரம்பித்தேன். பன்னிரண்டு வரை ஒழுங்காக எண்ணினேன். எண்ணி முடித்தும் அது அசையவில்லை. இன்னும் ஒன்று கொடுத்தால் என்ன கெட்டுப்போகும்? பதிமூன்றாவது திருகில் உள்ளே ‘களுக்’ என்று ஏதோ அறுந்தது. அதன்பின் சாவி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் லொடலொட என்று சுற்றியது.

“ஏட்டி, அங்கன என்ன பண்ணுத?” அக்காவின் குரல்.

“ஒண்ணுமில்ல.”

கடியாரத்தைச் செம்பில் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடினேன். படித்துறைப் பிள்ளையாரிடம், இதைச் சரிபண்ணிக் கொடுத்தால் என் பங்குக்கு வரும் கல்யாண லட்டு முழுவதும் உனக்குத்தான் என்று அழுதுகொண்டே வேண்டிக்கொண்டேன். என்னால் அக்கா கல்யாணம் நிற்கப்போகிறது. அம்மா கிணற்றில் விழப்போகிறாள். யாரிடம் சொல்ல?

மறுநாள் காலையில் அப்பா கடியாரத்தை எடுத்துக் காதில் வைத்ததை நான் தூணுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு முள்ளை மெதுவாகத் திருப்பி வைத்தார். பட்டுத்துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு மூச்சு வந்தது. அப்பாவுக்கு இடது காது கொஞ்சம் மந்தம். அந்தக் காதில் வைத்திருப்பார், பிள்ளையார் காப்பாற்றினார் என்று நினைத்துக்கொண்டேன்.

மணையில் உட்காரும் முன் அப்பாதான் மாப்பிள்ளையின் மணிக்கட்டில் கட்டினார். வாரை மாட்ட அவருக்கு மூன்று முறை ஆயிற்று. சம்பந்தி பந்தலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். தங்கம் மின்னியது. மனிதர் அத்தோடு விட்டாரா?

“அய்யரே, பஞ்சாங்கம் உம்மது, கடியாரம் நம்மது. முகூர்த்தம் ஒன்பதுக்கு மேலதானே? ஏலே, மணி என்னன்னு பாத்துச் சொல்லுலே.”

நான் பந்தல்காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாப்பிள்ளை கையை நெஞ்சோடு அணைத்துக் கடியாரத்தைப் பார்த்தார். அப்புறம் பந்தல் ஓலை இடுக்கு வழியாகத் தரையில் விழுந்திருந்த வெயிலைக் கொஞ்சநேரம் பார்த்தார். “ஒன்பதுக்கு அஞ்சு நிமிஷம் இருக்கு” என்றார்.

விருந்துக்கு வந்திருந்த ஸ்டேஷன் மாஸ்டர் சும்மா இருக்கக்கூடாதா? கோட்டுப் பையிலிருந்து தம்முடையதை எடுத்து, “எட்டு அம்பத்திரண்டு” என்றார்.

“உம்ம கடியாரம் மூணு நிமிஷம் பைய ஓடுது வே! இது தங்கம், தப்பாது. திருத்தி வையும்” என்றார் சம்பந்தி. இவ்வளவு பெரிய சபையில் அந்த மனுஷன் என்ன செய்வார்? திருத்தி வைத்தார். அன்றைக்கு எங்கள் ஊர் ரயில் என்ன நேரத்துக்குக் கிளம்பியதோ!

தாலி ஏறியது. அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓமப்புகை என்று நினைத்தேன்.

அன்று முழுவதும் வந்தவர் போனவர் எல்லாம் மாப்பிள்ளையிடம் மணி கேட்டார்கள். அவரும் கோட்டுக் கையை லேசாக விலக்கிப் பார்த்துவிட்டுச் சலிக்காமல் சொன்னார். பிற்பகல் வானம் மூடிக்கொண்டபோது மட்டும், “சும்மா சும்மா பாத்தா தேஞ்சுபோவும்” என்று சொல்லிவிட்டார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கடியாரம் தானாகச் சரியாகிவிட்டது! லட்டைப் பிள்ளையாருக்குக் கொடுத்தேன். முழுவதும் இல்லை, பாதி. சில மாதம் கழித்து அக்கா வீட்டில் அதைக் காதில் வைத்துப் பார்த்தபோதுதான் அது ஓடவே இல்லை என்று தெரிந்தது.

அப்பா காலமாகி வெகுநாள் கழித்து, அத்தானுக்கும் தலை நரைத்தபின், ஒருநாள் மனம் பொறுக்காமல் அவரிடம் சொன்னேன். “அத்தான், அந்தக் கடியாரத்த உடைச்சது நான்தான்.”

அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். “நீதானா அது? கட்டும்போதே எனக்குத் தெரியும். மாமா விரல் துடிச்சது என் கையில தெரிஞ்சுது, கடியாரம் துடிக்கல. தெனமும் நிழலப் பாத்து மட தொறக்கவனுக்குக் கடியாரம் என்னத்துக்கு?”

“அப்பம், அப்பாவுக்கும் தெரியுமா?”

“தெரிஞ்சுதான் கட்டினாவ.” அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது.

நான்தான் பெரிய ரகசியத்தைச் சுமப்பதாக நினைத்து இத்தனை வருஷம் வெந்துகொண்டிருந்தேன்.

கல்யாணம் ஆன நாளிலிருந்தே, அத்தான் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அப்பா எழுந்து நிற்பார். உட்காருங்க மாமா, உட்காருங்க என்று அவர் கெஞ்சினாலும் கேட்கமாட்டார். அத்தான் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். எனக்கு எரிச்சலாக வரும். பெண்ணைக் கொடுத்துவிட்டால் இப்படியா பயந்து சாக வேண்டும்? பத்துப் பதினோரு வயதிருக்கும்போது ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “அவ்வளவு சின்ன ஆளுக்கு எதுக்குப்பா எந்திரிக்கிய?”

“உனக்குத் தெரியாதுட்டி” என்றார் அப்பா.

எனக்கா தெரியாது என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அப்பா தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றார்.