கழுநீர் வாளி

பசங்களா, நேற்று ராத்திரி நீங்கள் பீட்சா வரவழைத்துத் தின்றதால் அடுப்பு மேடையிலேயே கிடந்து புளித்துப்போன சோற்றை இன்று காலை குப்பையில் கொட்டினேன். அந்த வாடை என்னை நேராக நம் மாம்பலம் தெருக்கோடி எருமைக் கொட்டகையில் கொண்டுபோய் நிறுத்தியது. இப்போது அங்கே கார்கள் நிற்கின்றன. அப்போது, உங்கள் வயதில், அரிசி கழுவிய தண்ணீரும் பூசணித் தோலும் வாழைப்பூ மடலும் மிதக்கும் கழுநீர் வாளியைத் தினமும் நான்தான் அங்கே தூக்கிப் போவேன். கொட்டகைக்கார முனியம்மாக்கா, தொட்டியில் ஊற்றுமுன் முழங்கை வரை கையை விட்டுத் துழாவுவார். சோறு தட்டுப்பட்டால் அவர் போடும் சத்தம் தெருவுக்கே கேட்கும்.

"இன்னா நைனா, உங்க வூட்ல நேத்து கல்யாணமா? இத்தினி சோத்த துன்னா எருமை வயிறு ஊதி செத்துப்பூடும். ஒரு பிடி அரிசி கம்மியா போடச் சொல்லு உங்கம்மாவ."

அம்மாவுக்கு மானம் போய்விடும். மறுநாளே ஒரு பிடி குறையும். நம் குப்பையைத் துழாவிக் கேட்க இன்று யாருமில்லை. நான் கேட்டாலோ, "விடுப்பா, கொஞ்சம் சோறுதானே" என்கிறீர்கள். எத்தனை முறைதான் சொல்வது?

நீங்கள் பள்ளிக்குப் போனபின், குக்கருக்கு அளந்து வைத்திருந்த அரிசியிலிருந்து ஒரு பிடி அள்ளி, டப்பாவில் திரும்பப் போட்டேன்.