ஃபிரிஸ்கோவில் மேடை ஏறாத விருந்தாளி

வெள்ளி, காலை 9 மணி. சன்னிவேலில் என் அறையிலிருந்து சான் ஹோசே விமான நிலையம் எட்டு மைல். டாலஸுக்குப் போய்வர 286 டாலர், அதுவும் கைப்பை மட்டும். ஒரு சித்திரை விழாவில் மைக் பிடிப்பதற்காக ஆயிரத்து நானூறு மைல் பறக்கிறாயா என்று அறைத்தோழி சிரித்தாள். மைக்குக்காகப் பறக்கவில்லை, ஆயிஷாவுக்காகப் பறந்தேன்.

ஆயிஷாவுக்கு வயது பதினேழு. டெக்சாஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் பள்ளிக்கூடம் படிக்கிறாள், ரோபோ செய்கிறாள். ஒரு வருடமாக வீடியோ அழைப்பில் அவளுடைய குழுவுக்கு நான் வழிகாட்டி. இந்தக் கோடையில் தைவானின் ஷின்ச்சு நகரில் நடக்கும் ஆறு வாரப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். நாங்கள் சன்னிவேலில் உட்கார்ந்து வரைகிற சிப்புகளை உண்மையில் செய்து கொடுக்கிற ஊர் அது. எனக்கே இன்னும் போகக் கிடைக்கவில்லை. பொறாமையாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

ஆனால் அவள் அம்மா ஃபரிதா ஆன்ட்டி அனுப்ப மறுத்துவிட்டார். "அங்க எம்பஸியே இல்லையாமே நித்யா? புள்ளைக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் போன் பண்ண?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆன்ட்டியின் பாஸ்போர்ட் இந்தியாவுடையது, மகளுடையது அமெரிக்காவுடையது. தைவான் தன்னுடையது என்று சீனா சொல்வதால், இந்த இரண்டு நாடுகளுக்குமே தைவானோடு அதிகாரபூர்வ உறவு கிடையாது. அங்கே தூதரகம் வைக்காமல் வேறு ஏதோ பெயரில் அலுவலகம் வைத்திருக்கிறார்கள், தைவானும் இங்கே அப்படித்தான். விசா கொடுப்பார்கள், வியாபாரம் பேசுவார்கள், எல்லாம் நடக்கும். பெயர்ப்பலகையில் மட்டும் அந்த ஒரு சொல் இருக்காது.

ஆன்ட்டிக்குச் சொந்த ஊர் மேலப்பாளையம். கல்யாணப் பேச்சானாலும் கடைப் பேச்சானாலும் நாலு பேர் முன்னால் சொன்னால்தான் அது வாக்கு என்று வளர்ந்தவர். "அந்த ஆபீசர் சபையில வந்து நின்னு, உங்க புள்ளைக்கு நாங்க பொறுப்புன்னு வாயால சொல்லட்டும். அனுப்புறேன்" என்று நிபந்தனை போட்டார். ஹூஸ்டனில் இருக்கும் தைவான் அதிகாரி திரு. லின் இதைக் கேட்டு உடனே ஒப்புக்கொண்டார். 270 மைல் காரோட்டி விழாவுக்கு வருகிறேன் என்றார். மேடையில் அவரை அறிமுகப்படுத்த வேண்டியது நான்.

பிற்பகல் 2.30, டாலஸ் விமான நிலையம். ஆயிஷாவின் வாப்பா ஷாகுல் அங்கிள் காரோடு நின்றார். வீடு இருபத்தைந்து மைல். வழியெல்லாம் ஒரே மாதிரி செங்கல் வீடுகள், இன்னும் வேர் பிடிக்காத மரக்கன்றுகள், நடப்பதற்கு ஓர் ஆள்கூட இல்லாத நடைபாதை. டோல் ரோட்டில் ஏறியதும் அங்கிள் தொண்டையைக் கனைத்தார்.

"ஒரு சின்ன பிராப்ளம்மா. லின் ஸ்டேஜ்ல ஏற மாட்டாராம்."

"அவரா சொன்னார்?"

"இல்ல. நம்ம பிரசிடென்ட் சொல்றாரு."

வீட்டுக்குப் போகாமல் நேரே தமிழ்ச் சங்கத் தலைவரின் கராஜுக்குப் போகச் சொன்னேன். தலைவர் சிவகுமார் அங்கிள் நாமக்கல்காரர், பதினைந்து வருடமாக டெக்சாஸ். தரையில் பத்தடி பிளெக்ஸ் ஒன்று விரிந்து கிடந்தது. தங்க எழுத்தில் 'மாண்புமிகு தைவான் நாட்டுத் தூதர் அவர்களே, வருக வருக!' உலகத்தில் யாருமே அச்சடிக்கத் துணியாத வரியை நம் ஆட்கள் கையெடுத்துக் கும்பிடும் படத்தோடு அச்சடித்திருக்கிறார்கள்! நம் ஊர் மேடைக்கு வருகிற யாரையும் பதவி இல்லாமல் வரவேற்க நமக்குத் தெரியாதே. அதற்குப் பிறகுதான் யாரோ கூகிள் பண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இப்போது அந்த வரியின் மேல் பிளாஸ்டிக் மாவிலைத் தோரணத்தை ஒட்டிக்கொண்டிருந்தார் தலைவர்.

"இந்திய அரசு அதிகாரி ஒருத்தர் சீஃப் கெஸ்டா வர்றாருங் அம்மணி. ரெண்டு பேத்தையும் ஒரே மேடைல ஏத்தி போட்டோ வெளிய போச்சுன்னா வெளங்கிரும்."

"அவர் ஏத்தக் கூடாதுன்னு சொன்னாரா?"

"யாரும் சொல்லலீங். சொல்ற வரைக்கும் வெச்சுக்கலாமா?"

எனக்கு உச்சந்தலை சூடேறியது. யாரும் தடுக்கவில்லை, மிரட்டவில்லை. இரண்டு அரசாங்கங்கள் போட்டுக்கொள்கிற நாடகத்தில் வசனம்கூடக் கொடுக்கப்படாத நாம், நாமாகவே வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறோம். "அப்ப ஆயிஷா?" என்றேன். "அது வேற, இது வேறங் கண்ணு" என்றார். வேறே இல்லை. இது நடந்தால்தான் அது.

சனி, பிற்பகல் 3 மணி. வாடகைக்கு எடுத்த பள்ளி அரங்கம், நுழைவு ஆளுக்குப் பன்னிரண்டு டாலர், சாப்பாடு உட்பட. லின் தானே காரோட்டி வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, கையில் அன்னாசிப்பழ கேக் பெட்டி, வாசலில் எல்லோரையும் பார்த்து வணக்கம் என்றார். பாதையிலேயே அந்த இந்திய அதிகாரி எதிரே வந்தார். இரண்டு பேரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கைகுலுக்கிக்கொண்டார்கள். முதுகுவலி எப்படி இருக்கிறது என்று ஒருவர் கேட்டார், மகனுக்குக் கல்லூரி கிடைத்ததா என்று மற்றவர் கேட்டார். அப்புறம் ஒருவர் மேடைக்குப் போனார், ஒருவர் மூன்றாவது வரிசைக்குப் போனார். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத்தான் வெட்கமாக இருந்தது.

மேடையில் பொன்னாடை மழை. நகைக்கடைக்காரருக்கு ஒன்று, இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு ஒன்று, ஒலிபெருக்கி கொண்டுவந்தவருக்கு ஒன்று. வீடு விற்கும் புரோக்கருக்கு மறதியில் இரண்டு. 270 மைல் வந்தவருக்கு மட்டும் இல்லை. நடன இடைவேளையில் நான் லின்னிடம் ஓடினேன். "நான் உங்களைக் கூப்பிடப் போகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும்" என்றேன்.

"தயவுசெய்து வேண்டாம்" என்றார் ஆங்கிலத்தில், சிரித்தபடி. "நீங்கள் கூப்பிட்டால் நான் செய்தியாவேன். நான் செய்தியானால் இந்தப் பெண்ணின் பயிற்சியும் ஒரு பிரச்சினையாகும். மூன்றாவது வரிசை நல்ல இடம், கால் நீட்டலாம்."

அவர் கோபப்பட்டிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

பின்வரிசையில் ஃபரிதா ஆன்ட்டி காத்துக்கொண்டிருந்தார். "எப்ப ஏத்துவ?"

"ஏத்த மாட்டாங்களாம் ஆன்ட்டி."

"அப்ப ஆயிஷா போகல. மேடையில நிக்க முடியாத ஆள நம்பியா என் புள்ளைய அனுப்புவேன்?"

"உம்மா, திஸ் இஸ் சோ அன்ஃபேர்!" என்று ஆயிஷா எழுந்து வெளியே போனாள். அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மாலை 6.30, பள்ளி உணவறை. சாம்பார் சாதம், சேமியா பாயசம், நீளமான வரிசை. லின் தட்டோடு நின்றார், அவருக்கு இரண்டு பேர் பின்னால் இந்திய அதிகாரி. ஃபரிதா ஆன்ட்டி துப்பட்டாவைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வரிசைக்கு நடுவே போய் நின்றார். "நித்யா, இங்கிலீஷ்ல சொல்லு" என்றார். சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"மேடை இல்லாட்டி என்ன, இதுவும் சபைதான். என் மக உங்க ஊருக்கு வந்தா யாரு பொறுப்பு?"

லின் தட்டைக் கீழே வைத்தார். "நான் பொறுப்பு. விமான நிலையத்துக்கு என் அக்காவே வருவார். அவருடைய எண்ணும் என் எண்ணும் இன்றைக்கே தருகிறேன். எந்த மருத்துவமனை, யார் கூட்டிப்போவார் என்பதும் எழுதித் தருகிறேன்."

"இவரு என்ன, அம்பாசடரா?"

"இல்லை."

"அப்ப என்ன வேலை?"

"அம்பாசடர் வேலை" என்றார் லின். உணவறை முழுக்கச் சிரித்தது.

ஆன்ட்டி சிரிக்கவில்லை. இந்திய அதிகாரியின் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க. இவர நம்பலாமா?"

அதிகாரி மதுரைக்காரர். வலமும் இடமும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "தனிப்பட்ட முறையில சொல்றேம்மா. தாராளமா நம்பலாம். என் தம்பி மகனே அங்கதான் படிக்கிறான்."

"ஏன் சார், புள்ளைக்குக் காய்ச்சல் வந்தா அதுவும் தனிப்பட்ட முறையிலதான் வருமா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரியின் முகம் சிவந்துபோனது. தம்பி மகனை அனுப்பியவர், நம்பிக்கையைக் காதோடு காதாகச் சொல்கிறார். நல்ல மனிதர்தான். நல்ல மனிதரை இப்படிக் கூச வைக்கிற ஏற்பாட்டை எவன் செய்தான் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

ஆன்ட்டி கணவரைக் கூப்பிட்டார். "என்னங்க, அந்த புரோக்கர்கிட்ட இருக்குற ரெண்டாவது பொன்னாடைய வாங்கிட்டு வாங்க." ஷாகுல் அங்கிள் அதை வாங்கி வந்து லின்னின் தோளில் போர்த்தினார். "போட்டோ வேண்டாம், போட்டோ வேண்டாம்" என்று தலைவர் கையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்து அதிகாரி சட்டென்று திரும்பி, பாயசப் பாத்திரத்துக்குள் முந்திரி எண்ணுகிறவர் போலக் குனிந்துகொண்டார். அவர் பார்க்கவில்லை, எனவே எதுவும் நடக்கவில்லை. கைதட்டலின் சத்தம் மட்டும் காதில் விழுந்திருக்கும்.

வாசலில் நின்றிருந்த ஆயிஷாவை ஆன்ட்டி கையசைத்துக் கூப்பிட்டார். "போயிட்டு வா. தினம் போன் பண்ணணும்." ஆயிஷா ஓடிவந்து கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பயணம் ஜூனில்.

ஞாயிறு, காலை. சங்கத்தின் வாட்ஸ்அப்பில் விழாப் படங்கள் வந்து குவிந்திருந்தன. நகைக்கடைக்காரர் இருந்தார், புரோக்கர் இருந்தார், கேக் பெட்டிகூட ஒரு மூலையில் இருந்தது. லின் எதிலும் இல்லை. ஆயிஷா மட்டும் அவளுடைய போனில் ஒன்று எடுத்து வைத்திருந்தாள். விமான நிலையத்தில் என்னை இறக்கிவிடும்போது ஆன்ட்டி சொன்னார்: "இதப் பத்திக் கட்டுரை எழுதுவேல்ல? இந்தப் போட்டோவப் போடு. பேரையும் போடு. அவரு எனக்கு வாக்குக் குடுத்திருக்காரு, ஊருக்குத் தெரியட்டும்."

விமானத்தில் ஏறும் முன் லின்னைப் போனில் கூப்பிட்டுக் கேட்டேன். "அந்தப் பெண் போய்த் திரும்பி வரட்டும். அதுவரை வேண்டாமே" என்றார்.

ஆகவே இந்தக் கட்டுரையோடு படம் இல்லை. லின் என்பதும் அவர் பெயர் இல்லை.