நோட்டில் எழுதாத மாற்றம்

ஆரியசாலையில் ஒரு நாட்டு மருந்து மொத்தக் கடை. வேர், பட்டை, கிழங்கு எல்லாம் மூட்டை மூட்டையாக இருக்கும். எட்டாம் வகுப்போடு வந்து சேர்ந்தேன். எந்தச் சரக்கு எந்த ராக்கில் இருக்கிறது என்று கணினியில் மாற்றுவது என் வேலை. மாற்றியதும் நோட்டில் எழுதுவேன். முன்னே என்ன, இப்போது என்ன, எதற்காக.

பிறகு நெடுமங்காட்டிலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். கணினி படித்தவள். முதலாளி அண்ணாச்சி அன்றே தன் மேசைக்கு எதிரே அவளுக்கு நாற்காலி போட்டார். எனக்கு இன்றும் ஸ்டூல்தான்.

கணினி புரோகிராம் செய்து தந்தவர் ஒருநாள் வந்தார். யார் எதை மாற்றினாலும் கண்டுபிடிக்க இரண்டு வழி உண்டு என்றார். ஜர்னல் என்றால் நடப்பதெல்லாம் வரிசையாக ஏறிக்கொண்டிருக்கும், வேண்டும்போது தேடிப் படிக்கலாம். டிரிக்கர் என்றால் ராக் லிஸ்டில் கை வைத்த நொடியே பெயரோடு பதிந்துவிடும்.

"ஜர்னல் நம்மகிட்ட உண்டே," என்று அண்ணாச்சி என் நோட்டைக் காட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"அக்கா எழுதினாத்தானே அதுல இருக்கும்? டிரிக்கர் மதி அண்ணாச்சி, அது போதும்," என்றாள் அவள்.

டிரிக்கர் போட்டார்கள். என்னைக் கேட்கவில்லை.

அடுத்த வாரம் நெய்யாற்றின்கரை வைத்தியர் ஒரு மூட்டையைத் திருப்பி அனுப்பினார். அவர் கேட்டது சித்தரத்தை. போனது வசம்பு. பதினான்காம் ராக்கில் இருந்த சித்தரத்தைக்குக் கணினியில் நாற்பத்தொன்று என்று இருந்தது. சுமப்பவர் அதைப் பார்த்து, நாற்பத்தொன்றில் இருந்த வசம்பை எடுத்துக் கட்டிவிட்டார்.

"யாரு மாத்தினதுன்னு பாருங்க. இனி ஒரு ஆள்தான் லிஸ்டுல கை வைக்கணும்," என்று சொல்லிவிட்டு அண்ணாச்சி போனோடு வாசலுக்குப் போனார்.

நோட்டைப் புரட்டினேன். நாற்பத்தொன்று எங்கும் இல்லை. அவள்தான் என்று நினைத்தேன். அவளாக இருக்கட்டும் என்றும் நினைத்தேன்.

அவள் டிரிக்கர் பதிவைத் திறந்தாள். திரையை என் பக்கம் திருப்பினாள். என் பெயர். செவ்வாய், காலை பதினொன்று இருபது.

நினைவு வந்தது. அன்று சித்தரத்தையைப் பதினான்காம் ராக்குக்கு மாற்றியிருந்தார்கள். அந்த நேரம் அண்ணாச்சி தன் ஃபிளாஸ்கிலிருந்து அவளுக்குச் சாயா ஊற்றினார். இத்தனை வருடத்தில் எனக்கு ஊற்றியதில்லை. அதைப் பார்த்துக்கொண்டே எண்ணைத் தட்டினேன். நோட்டைத் தொடாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

"எதுக்கு மாத்தினீங்கன்னு இதுல வராது அக்கா," என்றாள் அவள் மெல்ல. "மூட்டையை நாற்பத்தொண்ணுக்கு மாத்தினோம்னு நோட்டுல எழுதிக்கோங்க. நான் மிண்ட மாட்டேன், யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், கேட்டோ."

அந்தத் தயவுதான் எனக்குப் பொறுக்கவில்லை. செவ்வாய்ப் பக்கத்தில் அடியில் இடம் இருந்தது. எழுதினேன். பதினான்கு போட வேண்டியது, நாற்பத்தொன்று போட்டேன். காரணம், கண் வேறிடத்தில்.

அண்ணாச்சி வந்து படித்தார்.

"கண்ணு எங்க இருந்துச்சு?"

"இங்கதான் அண்ணாச்சி."

நோட்டை என்னிடமே தந்தார். லிஸ்ட் அவளுக்குப் போனது.

இப்போது மாற்றுவது அவள். எதற்கு என்று கேட்டு நோட்டில் எழுதுவது நான். ஸ்டூலை அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக் கேட்பேன். ஃபிளாஸ்க் மேசையில் அவள் பக்கம் இருக்கும்.