கதவோரத்துப் பை

எங்கள் குடும்பத்தில் யாருக்கு யார் என்ன முறை என்று கேட்டால் படுத்துக்கொண்டே சொல்வேன். மூன்று தலைமுறைக்கு விட்டுப்போகாது. ஆனால் என் தங்கையின் மூத்த மகன் கட்டிக்கொண்டு வந்தவளிடம் அந்த வித்தை பலிக்கவில்லை.

"உங்கம்மா யாரு, மாமன் யாரு?" என்று கேட்டேன்.

"எந்த வீட்டு அம்மா, பெரியம்மா? நாலு பேர் இருக்காங்க."

கேலி என்று நினைத்தேன். இல்லை. ஐந்து வயதிலிருந்து பதினெட்டு வரை அவளை அரசாங்கம் வளர்ப்பு வீடுகளில்தான் விட்டிருந்தது. நாலு வீடு. திருமணப் பதிவுக்குப் பெண் பக்கம் கையெழுத்துப் போட வந்தவர், அவள் வேலை செய்யும் மருத்துவமனைச் சலவைக்கூடத்து மேற்பார்வையாளர் ஒருவர்தான்.

"அடிச்சாங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். போர்வை மடித்துக்கொண்டிருந்தாள், சலவைக்கூடத்துக் கை, ஓரத்தோடு ஓரம் பிசகாது.

"யாரும் அடிக்கல. வயிறு காயவும் விடல. ஆனா ஃப்ரிட்ஜைத் திறக்கணும்னா நான் கேக்கணும், அவங்க புள்ளைங்க கேக்க வேண்டாம். திடீர்னு ஒருநாள் வேற வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக கார் வந்து நிக்கும். என் துணியெல்லாம் பையில இருக்கும். நான் பள்ளிக்கூடத்துல இருக்கறப்போ எடுத்து வெச்சிருப்பாங்க. அப்பவே முடிவு பண்ணேன், இனி என் பைய நானே கட்டி வெச்சுக்கறதுன்னு."

கல்யாணமாகியும் கட்டித்தான் வைத்திருந்தாள். அலமாரிக்குப் பின்னால் ஒரு நீலப் பை. இரண்டு உடுப்பு, துண்டு, சோப்பு, செருப்பு. குளிர் வந்தால் உள்ளே கம்பளிச் சட்டை சேரும். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக், வாயில்லாப் பூச்சி. ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவன் தம்பி, எங்கள் சின்னவன், சும்மா இருப்பானா? பை கண்ணில் பட்டால் போதும், "அண்ணி, வண்டி எத்தனை மணிக்கு?" என்பான். "டிக்கெட் கிடைக்கல தம்பி" என்பாள் அவள். வீட்டில் பழகிப்போன கேலி.

இப்படிப்பட்டவள், போன வருஷக் கடைசியில் தானே ஒரு பெண் குழந்தையை வளர்க்க ஏற்றுக்கொண்டாள். எட்டு வயது. யாரையும் முறை சொல்லிக் கூப்பிடாது; பக்கத்தில் வந்து நின்று, நாம் திரும்பிப் பார்த்த பிறகுதான் பேசும். மருமகளுக்கு அதன்மேல் உயிர். இங்கேயே விடுவதா, வேறு வீட்டுக்கு மாற்றுவதா என்று குழந்தைகள் நல அதிகாரி நேரில் வந்து முடிவு சொல்லவேண்டிய நாளும் வந்தது.

அன்று மருமகள் விடுப்பு எடுத்து வீட்டைக் கழுவினாள். அலமாரியை நகர்த்தியபோது பை கதவோரத்துக்கு வந்துவிட்டது. பிற்பகலில் நானும் சின்னவனும் போய்ச் சேர்ந்தோம். பள்ளிக்கூடம் விட்டுக் குழந்தை உள்ளே நுழையவும், அந்த வாய்க்கொழுப்பெடுத்தவன் பையைக் காலால் தட்டி, "வண்டி எத்தனை மணிக்கு?" என்று சத்தமாகக் கேட்கவும் சரியாக இருந்தது. சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்ததால் மருமகள் காதில் விழவில்லை.

அதுவரை கண்ணில் படாத அந்தப் பையைக் குழந்தை பார்த்தது. அவனைப் பார்த்தது. முகம் கழுவப் போகிறது என்றுதான் நான் நினைத்தேன்.

மருமகள் பாலைச் சூடு பண்ணி எடுத்து வந்து கூப்பிட்டால் ஆளில்லை. கட்டிலடி, குளியலறை, மொட்டைமாடி, எங்கும் இல்லை. சின்னவன் தெருமுனை வரை ஓடித் திரும்பினான்.

"கடையில இல்ல அண்ணி. பஸ் ஸ்டாப்லயும் இல்ல." முகத்தில் ஈயாடவில்லை.

அதிகாரி வரும் நேரம். குழந்தையைத் தொலைத்த வீட்டில் குழந்தையை விடுவார்களா?

"அவ வந்தப்போ யாரு என்ன பேசினீங்க?" என்றாள் மருமகள். சின்னவன் சொன்னான். அவள் பையைத் திரும்பிப் பார்த்தாள். பால் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"தேடாதீங்க. அனுப்பப்போறாங்கன்னு தெரிஞ்சா நாங்க ஓட மாட்டோம். கார் வர்ற எடத்துல முன்னாடியே போய் நின்னுக்குவோம். யாரும் கையப் பிடிச்சு இழுக்க வேண்டாம்ல."

பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினாள். கைப்பிடியைப் பிடித்தபடி நானும் இறங்கினேன். கீழே வண்டி நிறுத்துமிடத்தில், ஒரு தூணுக்குப் பின்னால், ஷூ நாடாவை இறுகக் கட்டி, பள்ளிப் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தது குழந்தை. அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. அதிகாரியின் காரும் அப்போதுதான் உள்ளே வந்து நின்றது.

மருமகள் கையில் அந்தப் பை. எந்த நேரமும் கிளம்பத் தயாராக இருக்கிறவளை நம்பி யார் பிள்ளையை விடுவார்கள்? "அப்புறம் சொல்லிக்கலாம், மேல வா" என்று மருமகளின் முழங்கையைப் பிடித்தேன். அவள் என் கையை விலக்கிவிட்டாள்.

சிமெண்ட் தரையில் உட்கார்ந்து ஜிப்பை இழுத்தாள். "பாரு. இந்தச் செருப்பு உன் காலுக்கு ஆகுமா?"

குழந்தை செருப்பை எடுத்துத் தன் ஷூவோடு வைத்து அளந்து பார்த்தது. "உங்களுது" என்றது. கொஞ்சம் பொறுத்து, "நீங்க எங்க போறீங்க?"

"எங்கயும் இல்ல."

"அப்போ பை எதுக்கு?"

"நானும் அதத்தான் கேக்கணும்" என்றார் அதிகாரி, கார்க் கதவருகே நின்றபடி.

"என்னைய அனுப்பிருவாங்களோன்னுதான் மேடம். பழக்கம் போகல. பொய் சொல்லி இவள வெச்சுக்க எனக்கு இஷ்டமில்ல. ஆனா இவ துணிய நான் ஒருநாளும் பையில வெக்க மாட்டேன். இவளுக்கு நான் வாங்கின மொத சாமானே அலமாரிதான்."

"தப்பு எம்மேல மேடம், எனக்கு வாய்தான்..." என்று படியிலிருந்து ஆரம்பித்தான் சின்னவன்.

"தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார் அதிகாரி. மருமகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "அலமாரியக் காட்டுங்க."

அன்று அவர் முடிவு சொல்லவில்லை. இன்னும் ஆறு மாதம் பார்க்கவேண்டும் என்று சொல்லிப் போய்விட்டார். அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை. குழந்தை இப்போதும் யாரையும் முறை சொல்லிக் கூப்பிடுவதில்லை.

ஆனால் அன்று படியேறும்போது பையின் ஒரு பிடியை அது பிடித்துக்கொண்டது. மேலே போனதும் தன் அலமாரியில் கீழ்த்தட்டைக் காலி பண்ணி, "இதுல வெச்சுக்குங்க" என்றது.

மருமகள் துண்டையும் சோப்பையும் எடுத்து வைத்தாள். செருப்பு இன்னும் பையில்தான் இருக்கிறது.